சர்க்கரை கேட்டால் வெல்லம் தருகிற ஊரில் சுகர் இறங்கினால்

கேள்வி இது: "அம்மாவுக்கு 54 வயது. கம்பத்திலிருந்து தினமும் விடியற்காலை ஜீப்பில் குமுளி தாண்டிக் கேரளாவில் அணக்கரைப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார். ஏழு வருடமாகச் சுகர் மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு மாதமாகக் காலை ஒன்பது, பத்து மணிவாக்கில் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கண் இருட்டிக்கொண்டு வருகிறதாம். கூட வேலை பார்க்கிற அக்கா இன்சுலின் செடி இலையும் பாகற்காய்ச் சாறும் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். லோ சுகரை மூலிகை, உணவு, பழக்கவழக்கம் என்று இயற்கையாகவே சரிசெய்ய முடியுமா? நான் திருப்பூரில் இருக்கிறேன், பயமாக இருக்கிறது."

முதலில் அந்த இலையையும் சாற்றையும் நிறுத்தச் சொல்லுங்கள் அம்மாவிடம். இன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்கள். இன்சுலின் செடி, பாகற்காய், வெந்தயம், சிறுகுறிஞ்சான், ஆவாரம்பூ, நாவல்கொட்டைப் பொடி என்று நம் பக்கம் புழங்குகிற எல்லாமே ஏறின சுகரை இறக்கத்தான் சாப்பிடுகிறோம். உங்கள் அம்மாவுக்கு இருக்கிற தொல்லை அதற்கு நேர் எதிர். இறங்கின சுகரை மேலே ஏற்றுகிற மூலிகை என்று ஒன்று இல்லை. அதை ஏற்றுவது சீனியும் சோறும்தான். மாத்திரை ஏற்கெனவே கீழே இழுத்துக்கொண்டிருக்கும்போது இலையும் ஒரு பக்கம் சேர்ந்து இழுத்தால் என்ன ஆகும்? அந்த அக்கா நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். "சுகர்" என்றதும் எல்லாரும் ஏறுகிற சுகரைத்தான் நினைக்கிறார்கள்.

நான் கம்பத்துக்காரிதான். மலைக்கு மேலே கேரளப் பக்கம் ஒரு தோட்டத்து டிஸ்பென்சரியில் 28 வருடம் நர்ஸாக வேலை பார்த்தேன். அந்த டிஸ்பென்சரி பெஞ்சில் உங்கள் அம்மா மாதிரி எத்தனையோ பேரைப் படுக்க வைத்திருக்கிறேன். அதனால் அவர் சொல்கிற நேரத்தைப் படித்ததுமே எனக்கு அந்தக் காலைப் பொழுது முழுதாகத் தெரிந்துவிட்டது.

நாலரை மணிக்கு எழுந்திருப்பார். சமைத்துத் தூக்குவாளியில் கட்டுவார். ஐந்து மணிக்கு ஒரு வாய்க் காப்பியோடு மாத்திரை. ஐந்தரைக்கு ஜீப். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு குமட்டும் என்பதால் வேண்டுமென்றே வெறும் வயிற்றோடு போகிற பெண்கள் பாதிப்பேர். தோட்டத்தில் இறங்கியதும் வேலை. ஏலச்செடியில் காய் மேலே காய்ப்பதில்லை, தூரில் சரம் விட்டுத் தரையோடு படர்ந்து காய்க்கும். குத்துக்காலிட்டு, குனிந்து, செடிக்குச் செடி நகர்ந்துகொண்டே பறிக்க வேண்டும். தொடைத் தசை, முதுகுத் தசை எல்லாம் ஓயாமல் வேலை செய்யும். வேலை செய்கிற தசை ரத்தத்திலிருக்கிற சர்க்கரையை இன்சுலினின் தயவு இல்லாமலேயே உறிஞ்சிக்கொள்ளும். சாப்பாட்டுக்கு உட்காரும்போது மணி பத்தாகிவிடும். ஆக, மாத்திரை உள்ளே போனது ஐந்து மணி, சோறு உள்ளே போவது பத்து மணி. நடுவில் ஐந்து மணி நேரம் மலையும் வேலையும்.

இது எவ்வளவு நெருக்கடி என்று புரிய ஒரு கணக்குச் சொல்கிறேன். நம் உடம்பில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம். சுகர் 100 என்று மீட்டர் காட்டினால், அந்த ஐந்து லிட்டரிலும் சேர்த்து இருப்பது ஐந்து கிராம் சர்க்கரை. ஒரு சின்ன ஸ்பூன் சீனி, அவ்வளவுதான். மூளை மட்டும் ஒரு நாளைக்கு நூறு கிராமுக்கு மேல் கேட்கும். அதனால் கல்லீரல் தான் சேர்த்து வைத்ததை விடிய விடிய சிறுகச் சிறுக ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டது காலை பத்து மணி வரை தாங்க வேண்டுமென்றால் அது கல்லீரலின் புண்ணியத்தில்தான். அதற்குள் சுகர் மாத்திரை கணையத்தை "இன்சுலினை விடு, விடு" என்று விரட்டுகிறது. இன்சுலின் ஒரு பக்கம் கல்லீரலின் கையைக் கட்டிப்போடுகிறது, இன்னொரு பக்கம் ரத்தத்தில் இருப்பதையும் தசைக்குள் தள்ளுகிறது.

மீட்டரில் 70க்குக் கீழே போனால் லோ சுகர். 54க்குக் கீழே போனால் ஆபத்தான அளவு. முதலில் வருகிற நடுக்கம், படபடப்பு, வேர்வை, திடீர் அகோரப் பசி எல்லாம் அட்ரீனலின் கொடுக்கிற எச்சரிக்கை மணி. அதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்தது மூளை பட்டினி கிடக்கிற அறிகுறிகள்: கண் இருட்டு, வாய் குழறல், காரணமில்லாத கோபம், சொன்னதையே சொல்வது, நடை தள்ளாட்டம். எங்கள் தோட்டத்தில் ஒரு பெண் காலை ஒன்பது மணிக்குத் தன் கூடையைத் தானே கவிழ்த்துக் கொட்டிவிட்டுக் கங்காணியைப் பார்த்துக் கத்தினாள். பேய் பிடித்துவிட்டது என்றார்கள். திருநீறு பூச ஆள் அனுப்பிவிட்டார்கள். விரலில் குத்திப் பார்த்தால் 41. சீனித் தண்ணீர் கொடுத்துக் கால் மணி நேரத்தில், "என்னக்கா ஆச்சு, ஏன் எல்லாரும் நிக்கிறீங்க?" என்று கேட்டாள். அந்த முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

எல்லாச் சுகர் மாத்திரையும் சுகரைத் தாழ்வாக இறக்காது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு லோ சுகர் வருவது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு, கிளிபிசைடு என்று 'கிளி'யில் ஆரம்பிக்கிற குடும்பம்தான் கணையத்தை விரட்டுகிற குடும்பம். (1942இல் பிரான்சில் மோன்பெல்லியே ஊரில் டைபாய்டு காய்ச்சலுக்கு ஒரு சல்பா மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது நோயாளிகளுக்குச் சுகர் தாழ்ந்துபோனதைக் கவனித்தார்கள். அந்தத் தற்செயலிலிருந்து பிறந்த மருந்துகள் இவை. லோ சுகர் இவற்றின் பக்கவிளைவு என்பதைவிட, கூடப் பிறந்த குணம் என்பதுதான் சரி.) இவை நல்ல மருந்துகள், விலை குறைவு, கோடிக்கணக்கானவர்களைக் காப்பாற்றுகின்றன. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: இவற்றைப் போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும். கிளிமிபிரைடு உள்ளே போன இரண்டு மூன்று மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும். உங்கள் அம்மா கணக்கில் அது ஏழு, எட்டு மணி. தோட்டத்தில் இறங்கி வேலை சூடுபிடிக்கிற நேரம்.

எல்லையோரத்தில் இன்னொரு கண்ணி உண்டு. இதை வெளியூர் டாக்டர்கள் யோசிக்கவே மாட்டார்கள். 2021 ஆகஸ்டிலிருந்து நம் பக்கம் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நல்ல திட்டம். ஆனால் வேலை நாளில் உடம்புக்கு முடியவில்லை என்றால் மேலேதான் காட்டுகிறோம், அங்கே ஒரு சீட்டு எழுதித் தருகிறார்கள். அதை வாங்கிக்கொண்டு கீழே வந்தால் வீட்டில் பழைய அட்டையும் இருக்கிறது. அட்டை நிறம் வேறு, கம்பெனிப் பெயர் வேறு, உள்ளே மருந்து ஒன்று. ஒருமுறை ஓர் அம்மாவின் முந்தானை முடிச்சை அவிழ்த்து என் மேசையில் பரப்பினேன். மூன்று அட்டை. ஒன்று பச்சை, ஒன்று வெள்ளி, ஒன்று கத்தரித்த பாதி. பின்பக்கம் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தால் மூன்றிலும் கிளிமிபிரைடு. "இது கீழ ஆஸ்பத்திரி, இது மேல ஆஸ்பத்திரி, இது மச்சினி குடுத்தது" என்றார். எந்த டாக்டரும் தவறு செய்யவில்லை. ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அதனால் உங்கள் அம்மாவிடமோ பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமோ சொல்லி, வீட்டிலிருக்கிற எல்லா அட்டையின் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரையும் சேர்த்து. அடினலால், புரோப்ரனலால் போன்றவை அந்த நடுக்கத்தையும் படபடப்பையும் அமுக்கிவிடும். எச்சரிக்கை மணி அடிக்காமல் நேராக மயக்கத்துக்குப் போகலாம். வேர்வை மட்டும் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று கிரியாட்டினின் பார்த்து எத்தனை நாளாயிற்று என்றும் கேளுங்கள். சிறுநீரகம் தளர்ந்தால் இந்த மாத்திரைகள் உடம்பைவிட்டுப் போகத் தாமதமாகும். ஏழு வருடமாக ஒத்துக்கொண்ட அதே அளவு, இந்த இரண்டு மாதமாக அதிகமாகிப்போயிருப்பதற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். உடம்பு எடை குறைந்திருந்தாலும் அப்படித்தான்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆனால் அடுத்த மாதச் செக்கப் வரை காத்திருக்கவும் வேண்டாம். இரண்டு மாதமாக இறங்குகிறது என்றால் இந்த வாரமே டாக்டரைப் பார்க்க வேண்டும். பார்க்கும்போது, "அம்மாவுக்குச் சுகர் இறங்குது" என்று மட்டும் சொன்னால் போதாது. "ஐந்து மணிக்கு மாத்திரை, பத்து மணிக்குச் சாப்பாடு, நடுவில் குனிந்து நிமிர்கிற வேலை" என்று நேரத்தோடு சொல்லுங்கள். பல டாக்டர்கள் அளவைக் குறைப்பார்கள், அல்லது மாத்திரையை முதல் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்வார்கள், அல்லது அப்படித் தாழ்வாக இறக்காத ரகத்துக்கு மாற்றுவார்கள். அதுவரைக்கும் ஒரு விதி: வாயில் சோறு இல்லாமல் 'கிளி' மாத்திரை உள்ளே போகக் கூடாது. அன்றைக்குச் சாப்பிட முடியாது, வாந்தி என்றால் அந்த வேளை மாத்திரையைப் போடாமல் டாக்டருக்குப் போன் செய்து கேட்க வேண்டும். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் கேட்காமல் ஊசியை விடவே கூடாது.

சரி, இறங்கிவிட்டால் என்ன செய்வது?

வேலையை நிறுத்தி உட்கார வேண்டும். "இந்தச் செடியை மட்டும் முடிச்சிட்டு" என்பதுதான் எங்கள் பெண்களை விழவைக்கிற வாக்கியம். பதினைந்து கிராம் வேகமான சர்க்கரை உள்ளே போக வேண்டும். டீஸ்பூனால் மூன்று, நான்கு ஸ்பூன் சீனி அரை டம்ளர் தண்ணீரில். பதினைந்து நிமிடம் பொறுங்கள். மீட்டர் இருந்தால் குத்திப் பாருங்கள். இன்னும் 70க்குக் கீழே இருந்தால், அல்லது நடுக்கம் விடவில்லை என்றால், மறுபடி அதே அளவு. தெளிந்த பிறகு கட்டாயம் சோறு சாப்பிட வேண்டும். சீனி ஏற்றினது அரை மணி, முக்கால் மணிதான் நிற்கும். மாத்திரையோ இன்னும் பல மணி நேரம் உள்ளே இருக்கிறது. பிஸ்கட், சாக்லேட், பால் இதற்கு உதவாது. கொழுப்பும் மாவும் வயிற்றில் தங்கித் தங்கிப் போகும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். நம் பக்கம் எழுதிக்கொடுக்கிற கூட்டு மாத்திரைகளில் வோக்லிபோஸ் என்ற மருந்து சேர்ந்திருப்பது சகஜம். சில பேருக்கு அகார்போஸ். அந்த அட்டையில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இந்த மருந்து செய்கிற வேலையே, குடலில் சீனியும் மாவும் உடைவதைத் தாமதப்படுத்துவது. அதனால் சுகர் இறங்கின நேரத்தில் சீனியோ வெல்லமோ கொடுத்தால் அது உடையாமல் தேங்கி நிற்கும், நாம் தெளியவில்லையே என்று பதறிக்கொண்டிருப்போம். இவர்களுக்கு நேரடி குளுக்கோஸ் வேண்டும். மெடிக்கலில் கிடைக்கிற குளுக்கோஸ் பவுடர், அது இல்லையென்றால் தேன், அதுவும் இல்லையென்றால் திராட்சை. கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லாருக்கும் தெரியும். அதிலிருக்கிற இனிப்பு பெரும்பாலும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாகத்தான் இருக்கிறது என்பதால் வோக்லிபோஸ் அதைத் தடுக்காது. ஒரு கைப்பிடி, பதினைந்து இருபது பழம், நன்றாக மென்று. ஆனால் தெளிவாக விழுங்க முடிகிறவருக்கு மட்டும்.

இந்த இடத்தில் எல்லைக்காரர்களுக்கே உரிய ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். மலையாளத்தில் சர்க்கரை என்றால் வெல்லம். நம் சீனியை அவர்கள் பஞ்சசாரை என்பார்கள். ஒருநாள் மழையில் பாதையோரம் ஓர் அம்மா உட்கார்ந்துவிட்டார். கூட இருந்த பெண் கடைக்கு ஓடி, "சேட்டா, கொஞ்சம் சர்க்கரை!" என்று கத்தியிருக்கிறாள். அவர் பாவம், ஓடிப்போய் ஒரு உண்டை வெல்லத்தை எடுத்துக்கொடுத்தார். பல் கிட்டின வாயில் கல் மாதிரி வெல்லக்கட்டி. நான் போய்ச் சேர்ந்தபோது அதைக் கல்லில் தட்டிக்கொண்டிருந்தார்கள். வெல்லத்திலும் அதே சர்க்கரைதான் இருக்கிறது, கரைத்துக் கொடுத்தால் வேலை செய்யும். கரைக்கிற நேரம்தான் நம்மிடம் இல்லை. அதற்கப்புறம் நான் பார்க்கிற எல்லாப் பெண்களுக்கும் "பஞ்சசாரை வெள்ளம்" என்று சொல்லிப் பழக்கினேன். வெள்ளம் என்றால் அங்கே தண்ணீர். உங்கள் அம்மாவுக்கும் சொல்லிக்கொடுங்கள். அதைவிட, குளுக்கோஸ் பவுடரைச் சின்னப் பொட்டலமாக பாலிதீனில் கட்டி ரவிக்கைக்குள்ளோ இடுப்பிலோ செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். தூக்குவாளியில் வைத்தால் பிரயோஜனம் இல்லை. அது ஷெட்டில் இருக்கும், ஆள் சரிவில் இருப்பார்.

மயங்கி விழுந்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒரு சொட்டுக்கூட. நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்குப் போன் செய்ய வேண்டும். இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான். எந்தப் பக்கம், எந்த ஊர், எந்தத் தோட்டத்துக் கேட் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். ஜீப் தயாராக இருந்தால் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போய்விடலாம். அங்கே நரம்பில் டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றுவார்கள், நிமிடத்தில் கண் திறப்பார். கண் திறந்ததும், "இனி ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போலாம்" என்பார்கள் வீட்டு ஆட்கள். போகக் கூடாது. 'கிளி' மாத்திரையால் இறங்கினது ஏற்றின பிறகும் மறுபடி மறுபடி இறங்கும், சில சமயம் ஒரு நாள் முழுக்க. டாக்டர் ஒரு ராத்திரி இருக்கச் சொன்னால் இருக்க வேண்டும்.

இனி நீங்கள் கேட்ட உணவும் பழக்கமும். அதை நான் குறைவாக நினைக்கவில்லை. மாத்திரை சரியான பிறகு, இறங்காமல் காப்பது இவைதான்.

ஜீப்புக்கு முன்னால் ஏதாவது சாப்பிட்டாக வேண்டும், குமட்டாத மாதிரி. என் அனுபவத்தில் கஞ்சிதான் வயிற்றில் நிற்கிறது. மலையாளிகளின் கஞ்சியும் பயறும் சுகர்காரர்களுக்கு நல்ல சாப்பாடு. அரிசி உடனடியாக ஏற்றும், பாசிப்பயறோ வன்பயறோ அதை மெதுவாக்கிப் பத்து மணி வரை இழுத்துக்கொண்டு போகும். நம் பக்கத்துக் கேப்பைக் கூழ், கம்பங்கூழில் மோர் விட்டுக் குடிப்பதும் அதே வேலையைச் செய்யும். நீராகாரத்தை மட்டும் குடித்துவிட்டுப் போவார்கள் சில பேர். அதில் சோற்றுப் பருக்கையைப் பிசைந்து கரைத்துக் குடித்தால்தான் கணக்கு. தண்ணீர் மட்டும் தாங்காது. நாலரை மணிக்கு இதைச் செய்ய யாருக்குத் தெம்பிருக்கிறது என்று கேட்பீர்கள். ராத்திரியே செய்து வைத்துவிட்டுக் காலையில் மோர் விட்டுக் கரைக்கலாம். அரை சொம்பு போதும். ஏழரை மணிக்கு, வேலை தொடங்குமுன், ஒரு வாழைப்பழம் அல்லது ஒரு பிடி அவித்த நிலக்கடலை. அப்புறம் பத்து மணிச் சாப்பாடு. தோட்டத்தில் கட்டன் காப்பி கிடைக்கிற நேரத்தில் அதை மட்டும் குடித்துப் பசியை அமுக்கக் கூடாது.

கப்பைக்கிழங்கு (மரவள்ளி) பற்றிக் கேட்பார்கள். மேலே கப்பையும் மீனும் ருசியான சாப்பாடு. மீனோடு அளவாகச் சாப்பிட்டால் தாங்கும். வெறும் கப்பையை வயிறு முட்டச் சாப்பிட்டால் சுகர் விர்ரென்று ஏறும், சில பேருக்கு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மளமளவென்று இறங்கும். சுகர் நோய் இன்னும் முழுதாக வராதவர்களுக்கும், வயிற்றில் ஆபரேஷன் செய்தவர்களுக்கும் இப்படிச் சாப்பிட்ட பிறகு இறங்குவது உண்டு. அவர்களுக்கு மருந்தே சாப்பாட்டைப் பிரிப்பதுதான். கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று மணிக்கொரு தரம், பயறும் முட்டையும் சேர்த்து.

வேலை அதிகமான நாளின் ராத்திரியைக் கவனியுங்கள். ஏலப்பழம் எடுப்பு உச்சத்தில் இருக்கிற நாட்களில் பகல் முழுக்க உழைத்த தசை, ராத்திரியிலும் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் வரைக்கும்கூட அந்தத் தாக்கம் இருக்கும். கெட்ட கனவு, பாய் நனைகிற வேர்வை, காலையில் தலைவலி இருந்தால் தூக்கத்தில் இறங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அந்த நாட்களில் அலுப்பில் சாப்பிடாமல் படுக்கிற பழக்கம் உங்கள் அம்மாவுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். நேரடியாகக் கேட்டால் "சாப்பிட்டேன்" என்றுதான் சொல்வார். "ராத்திரி என்ன குழம்பு?" என்று கேளுங்கள்.

கார்த்திகை, மார்கழி விரதம், ரம்ஜான் நோன்பு, வெள்ளிக்கிழமை ஒருபொழுது எதுவானாலும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி மாத்திரை நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொண்டு இருக்கலாம். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் நோன்புக்கு முன்னால் போய் மாற்றி எழுதி வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதுதான் சரியான முறை. நோன்பிருக்கும்போது 70க்குக் கீழே போனால் அப்போதே முறித்துவிட வேண்டும்.

அப்புறம் அரிஷ்டம். மேலே வைத்தியசாலைகளில் பசியெடுக்க, உடம்பு தேற என்று வாங்கிக்கொண்டு வருவார்கள். அரிஷ்டமும் ஆசவமும் வெல்லம் போட்டுப் புளிக்க வைத்துச் செய்வது. அதனால் இனிப்பும் உண்டு, தானாக ஊறின சாராயச் சத்தும் உண்டு. சாராயம் எதுவானாலும் கல்லீரல் புதிதாகச் சர்க்கரை செய்வதைத் தடுக்கும். இரண்டு ஸ்பூன் அரிஷ்டத்தால் யாரும் மயங்கி விழப்போவதில்லை. ஆனால் வேலை முடிந்து வெறும் வயிற்றில் குடிக்கிற ஆண்களுக்கு அந்த ராத்திரியே இறங்கும். வாடை அடிப்பதால் "போதை" என்று விட்டுவிடுவார்கள். அப்படி விடப்பட்ட ஒருவரை மறுநாள் காலை என்னிடம் கொண்டுவந்தார்கள். நேரம் கடந்துபோயிருந்தது. சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர் குடித்துவிட்டுக் கிடந்தால், முதலில் விரலில் குத்திப் பாருங்கள்.

சித்த, ஆயுர்வேத வைத்தியத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். படித்துப் பதிவு செய்த வைத்தியரிடம் போகலாம், போகும்போது எல்லா அட்டையையும் கையில் கொண்டுபோக வேண்டும். அங்கே கொடுக்கிற சூரணத்தின் பெயரை இங்கிலீஷ் டாக்டரிடமும் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் ஒரே வேலையைச் செய்கிறார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியட்டும். நான் பயப்படுவது சந்தையில் பெயர் ஒட்டாத டப்பாவில் வருகிற "சுகரை வேரோடு அறுக்கும்" பொடிக்குத்தான். அப்படிப்பட்ட பொடிகளில் கிளிபென்கிளமைடைக் கலந்து விற்றது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. 2008இல் சிங்கப்பூரில் திருட்டுத்தனமாக விற்ற ஆண்மை மாத்திரைகளில் அதே மருந்து கலந்திருந்து, சுகர் நோயே இல்லாத ஆண்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள், சில பேர் இறந்தும் போனார்கள். மூலிகை என்று நினைத்துச் சாப்பிட்டு, ஒரே வாரத்தில் அதிசயமாகச் சுகர் இறங்கினால், சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்படுங்கள்.

இதைப் படிக்கிற, சுகர் நோய் இல்லாத பெண்களுக்கும் ஒரு வார்த்தை. நடுக்கமும் கிறுகிறுப்பும் வந்தாலே லோ சுகர் என்று மிட்டாய் சாப்பிடுகிறீர்கள். மருந்து சாப்பிடாத, ஆரோக்கியமான ஆளுக்குச் சுகர் அவ்வளவு சுலபமாக இறங்காது. அறிகுறி, அந்த நேரத்து அளவு, சர்க்கரை கொடுத்ததும் தெளிவு என்று மூன்றும் சேர்ந்தால்தான் லோ சுகர் என்று விப்பிள் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் 1930களிலேயே வகுத்து வைத்தார். இன்றைக்கும் அதுதான் அளவுகோல். நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொன்னது. உங்கள் கிறுகிறுப்பு பெரும்பாலும் அந்த வகையாக இருக்கும். ஹீமோகுளோபின் பாருங்கள், பிரஷர் பாருங்கள். அதெல்லாம் சரியாக இருந்தும், மீட்டரில் உண்மையாகவே 55, 50 என்று வந்தால் அது சாதாரண விஷயமில்லை, பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும்.

மீட்டர் வாங்கிக்கொடுங்கள். நீங்கள் திருப்பூரிலிருந்து அனுப்புகிற பணத்தில் இதைவிட நல்ல செலவு இப்போதைக்கு இல்லை. ஏலக்காய் பறித்த கை கறுத்துப் பிசுபிசுப்பாக இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் குத்த வேண்டும். திராட்சையோ சீனியோ தொட்ட விரலில் குத்தினால் இல்லாத சுகரைக் காட்டும், அது பொய்யான நிம்மதி. ஸ்டிரிப் டப்பாவை எடுத்தவுடன் மூட வேண்டும். மலை மழையில் ஈரம் பட்டால் ஸ்டிரிப் கெட்டுப்போகும். இரண்டு வாரத்துக்கு விடிகாலை ஒன்று, நடுக்கம் வரும்போது ஒன்று, ராத்திரி படுக்குமுன் ஒன்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். டாக்டர் மாத்திரையை எவ்வளவு குறைப்பது என்று அந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார். மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை (HbA1c) 6.5 வந்தால் நமக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் அடிக்கடி இறங்கி ஏறி வந்த 6.5ஐவிட, இறங்காமல் இருக்கிற 7.5 இந்த வேலை செய்கிறவருக்குப் பத்திரம். இலக்கைக் கொஞ்சம் தளர்த்தலாமா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்.

இன்னொன்று, ஜீப் ஓட்டுகிறவருக்கும் சுகர் இருக்கலாம். மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிற டிரைவர் மலை ஏறுவதற்கு முன் குத்திப் பார்த்து 90க்கு மேல் இருந்தால்தான் வண்டியை எடுக்க வேண்டும். பன்னிரண்டு பெண்கள் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் டேஷ்போர்டில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் எப்போதும் கிடந்தால் அவருக்கும் ஆகும், உங்கள் அம்மாவுக்கும் ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டம் லீவு. அன்றைக்கு நீங்கள் ஊருக்கு வர முடிந்தால் வாருங்கள். எல்லா அட்டையையும் ஒரு துண்டில் பரப்பி, கூடுதலானதை ரப்பர்பேண்ட் போட்டுத் தனியாகக் கட்டிவிடுங்கள், தூக்கிப் போட வேண்டாம், டாக்டர் பார்க்கட்டும். குளுக்கோஸைப் பத்துப் பொட்டலமாகக் கட்டி வையுங்கள். அம்மாவோடு ஒரே ஜீப்பில் போகிற அந்த இலை சாப்பிடச் சொன்ன அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரு பொட்டலத்தை அவர் இடுப்பிலும் செருகுங்கள். அம்மாவுக்கு வாய் குழறும்போது பக்கத்துச் செடியில் இருக்கப்போவது அவர்தான்.